கள்ளிச் செடியின் தோலும் நோயறி முறையும்

நீரற்ற நிலத்திலே தோன்றி, வீட்டு யன்னலோரத்துச் சாடிகளிலே குடிபுகுந்த தாவரங்களுட் கள்ளி தனிச்சிறப்பு வாய்ந்தது. பல நாட்கள் நீர் ஊற்ற மறந்தாலும் அது வாடுவதில்லை. கொடிய வெயிலும் வறண்ட காற்றும் அதன் உயிரை எளிதிற் போக்கிவிடுவதில்லை. இத்துணை உரம் வாய்ந்த செடியும் சில இல்லங்களிலே ஓரிரு ஆண்டுகளுக்குள் மடிந்துபோகின்றது. அவ்வாறு மடிந்தவற்றுட் சில நோயினால் மாண்டவையல்ல. நோய் இன்னதென்று அறியாது செய்யப்பட்ட மருத்துவத்தினால் மாண்டவை.

கள்ளியின் அடிப்பாகத்திலே கபில நிறக் கறையொன்று தோன்றுகின்றது என்று கொள்வோம். ஒருவர் அதனை நீர்க்குறைவெனக் கருதி மிகுதியாக நீர் வார்க்கின்றார். மற்றொருவர் பூச்சியின் வேலையென எண்ணி மருந்து தெளிக்கின்றார். மூன்றாமவர் அழுகலென அஞ்சிக் கத்தியை எடுக்கின்றார். அந்தக் கறையோ முதுமையினால் இயல்பாக உண்டாகும் தக்கையாக இருத்தல் கூடும். மூவரும் நன்மையே கருதினர். ஆனால் முதலாமவர் வேரை அழுகச் செய்தார், மூன்றாமவர் நலமுள்ள உடலைக் கூறுபடுத்தினார். ஆகலின், தோலிலே காணப்படும் குறியை ஆராய்ந்து காரணத்தைத் தெளிந்த பின்னரே பரிகாரம் தேடல் வேண்டும் என்பது கள்ளி வளர்ப்பின் முதற் பாடமாகும்.

கள்ளி எது?

தமிழிலே 'கள்ளி' என்னுஞ் சொல் இருவேறு குடும்பத் தாவரங்களைக் குறித்து வழங்குகின்றது. வேலிகளிலே காணப்படும் சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாகதாளியும், சாடிகளில் வளர்க்கப்படும் உருண்டைக் கள்ளி, தூண்கள்ளி முதலியனவும் 'கக்டஸ்' எனப்படும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்கட்டுரை பின்னதையே பொருளாகக் கொண்டது.

இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதல் நோயறிதலின் முதற்படியாகும். சதுரக்கள்ளியைக் கீறினால் வெண்பால் வடியும்; அப்பால் கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு விளைவிக்கும். கக்டஸ் குடும்பத்திற் பெரும்பாலானவற்றிற் பால் இல்லை. எனினும் மம்மிலாரியா இனங்கள் சிலவற்றில் உண்டு. ஆகவே பாலை மட்டும் நம்புதல் தகாது. கக்டசின் உறுதியான அடையாளம் அதன் முட்கள் புறப்படும் இடமேயாகும். சிறு பஞ்சு மெத்தை போன்ற ஒரு புள்ளியிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். இவ்விடத்தை 'முள்மெத்தை' எனலாம். இது சதுரக்கள்ளியில் இல்லை.

கக்டஸ் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களாகும். அக்குடும்பத்திலே 'றிப்சாலிசு' என்னும் ஓரினம் மட்டுமே ஆபிரிக்காவிலும் மடகாசுகரிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கின்றது. அது முள்ளின்றி, மரங்களின்மேல் தொற்றித் தொங்கும் கயிறு போன்ற செடியாகும். ஏனைய கள்ளிகள் யாவும் மனிதர் வழியாக இங்கு வந்தவையே.

தோலின் தொழில்

பெரும்பாலான கள்ளிகளில் இலைகள் முட்களாக மாறிவிட்டமையால், இலை செய்ய வேண்டிய தொழிலைத் தண்டே மேற்கொள்கின்றது. பசுந்தோலிலேதான் ஒளித்தொகுப்பு நடைபெறுகின்றது. தோலின்மேல் மெழுகு போன்ற தடித்த படையொன்று நீராவி வெளியேறாது காக்கின்றது. அத்தோலிலுள்ள நுண்வாய்கள் பகலில் மூடிக்கிடந்து, வெப்பந் தணிந்த இரவிலே திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றன. இரவிற் சேமித்த வாயு அமிலமாக வைக்கப்பட்டுப் பகலொளியிலே உணவாக்கப்படுகின்றது. நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த இயற்கை வகுத்த வழி இது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். மாமரத்தில் ஓர் இலை கருகினால் அது உதிர்ந்து வேறோர் இலை தளிர்க்கும். கள்ளியின் தோலோ உதிர்வதுமில்லை, புதிதாவதுமில்லை. காயமுற்ற இடத்தைத் தக்கையால் மூடிக்கொள்வதொன்றே அது செய்யவல்லது. ஆகவே ஒருமுறை ஏற்பட்ட வடு செடியின் வாழ்நாள் முழுவதும் நிற்கும். "மருந்திட்டும் கறை மறையவில்லையே" என வருந்தி மீண்டும் மீண்டும் மருந்திடுவோர் இவ்வுண்மையை உணராதோரே. கறை மறைந்ததா என்று பார்த்தல் பயனற்றது. கறை பரவுகின்றதா, உச்சியிலே தோன்றும் புதுத்தோல் பழுதின்றி வருகின்றதா என்று பார்த்தலே தக்கது.

நான்கு வினாக்கள்

குறியொன்றைக் கண்டவுடன் நான்கு வினாக்களை வரிசையாக எழுப்புதல் நன்று.

முதலாவது, குறி எங்கே உள்ளது? அடியிலா, உச்சியிலா, வெயில் படும் ஒரு பக்கத்தில் மட்டுமா, முள்மெத்தைகளைச் சுற்றியா என நோக்க வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு விரைவில் தோன்றியது? இரண்டு மூன்று நாட்களிலா, சில வாரங்களிலா, ஆண்டுக்கணக்கிலா? தோன்றுவதற்கு முன் செடியை இடம் மாற்றியதுண்டா, பெருமழையில் நனைந்ததுண்டா என்பதையும் நினைவுகூர்தல் வேண்டும்.

மூன்றாவது, தொட்டால் எவ்வாறுள்ளது? உறுதியாகவா, மெதுமெதுப்பாகவா? உறுதி பெரும்பாலும் வடுவைக் குறிக்கும். மென்மை பெரும்பாலும் அழுகலைக் குறிக்கும்.

நான்காவது, நகத்தாலோ ஈரப்பஞ்சாலோ அகற்றினால் அகல்கின்றதா? அகன்றால் அது தோலின்மேல் வந்தமர்ந்த பொருள். அகலாவிடின் தோலிலேயே நேர்ந்த மாற்றம்.

இவற்றோடு, கையில் ஓர் உருப்பெருக்கும் வில்லை இருத்தல் இன்றியமையாதது. பத்து மடங்கு பெருக்குவது போதும்.

இயல்பை நோயென மயங்கல்

நோயைத் தேடுமுன் நலத்தின் தோற்றத்தை அறிதல் வேண்டும். செபலோசெரியசு இனத்துக் கிழவன் கள்ளியின் உடலெங்கும் நரைமயிர் போன்ற வெண்ணிழைகள் தொங்கும். மம்மிலாரியாவின் மேடுகளுக்கிடையே வெண்பஞ்சு காணப்படும். அசுத்திரோபைட்டத்தின் தோலிலே வெண்புள்ளிகள் இறைந்து கிடக்கும். இவற்றைப் பூச்சியென்று துடைத்தெடுத்து அழகைக் கெடுப்போர் உளர். இங்கே துணைசெய்யும் விதி எளிதானது. இயற்கையின் அமைப்பில் ஒழுங்கு உண்டு; செடியெங்கும் ஒரே சீராக அமைந்திருக்கும். பூச்சியின் கூட்டம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் இன்றியும் தாறுமாறாகக் காணப்படும்.

செந்நிறமோ மஞ்சள் நிறமோ கொண்ட சிறு உருண்டை, பச்சைத் தண்டொன்றின்மேல் ஒட்டப்பட்டு விற்கப்படுவதைப் பலர் கண்டிருப்பர். அந்நிறமும் நோயன்று. பச்சையமின்றிப் பிறந்த வகையொன்றை யப்பானியர் தேர்ந்தெடுத்து, டிராகன் பழக்கொடியின் தண்டில் ஒட்டி வளர்த்தனர். தனக்கென உணவு ஆக்க இயலாத அவ்வுருண்டை கீழ்த்தண்டின் உழைப்பிலேயே உயிர்வாழ்கின்றது. ஆகவே அச்செடியிற் கவனிக்க வேண்டியது மேலுள்ள வண்ணத்தையன்று, கீழுள்ள பச்சைத் தண்டையேயாம்.

முதுமையின் அடையாளமான தக்கையும் இவ்வகையதே. அது அடியிலிருந்து மெல்ல மேலேறும். கபில நிறமாயும் மரப்பட்டை போல் உறுதியாயும் இருக்கும். ஆண்டுகள் பல செல்லவே பரவும். இதற்கு மருத்துவம் வேண்டியதில்லை.

வெயிலும் நீரும் விளைக்கும் வடுக்கள்

பாலைக்குரிய செடியை வெயில் சுடுமா என வினவுவோர் உண்டு. சுடும். அறைக்குள்ளே பல மாதம் வளர்ந்த தோல் நிழலுக்குப் பழகியது. அதனை ஒரே நாளில் முற்றத்து வெயிலில் வைத்தால், வெயிலை எதிர்நோக்கிய பக்கம் சில நாட்களுள் வெளிறி மஞ்சளாகி, பின்னர் காய்ந்த ஓலையின் நிறம் பெறும். மறுபக்கம் பசுமை மாறாதிருக்கும். ஒரு பக்கத்திற்கு மட்டும் உரிய இவ்வேறுபாடே வெயிற்சூட்டின் தெளிவான அடையாளம். இதற்கு மருந்தில்லை, மேலும் பரவாது தடுத்தலே வேண்டும். இரண்டு மூன்று வாரகாலத்திற் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கினால் இத்தீங்கு நேராது.

நீர் மிகுதியால் இருவகை வடுக்கள் உண்டாகும. வேர் உறிஞ்சும் நீரைத் தோல் வெளியேற்ற இயலாதபோது உட்கலங்கள் வீங்கி வெடித்து, சிறு கொப்புளங்கள் தோன்றி, அவை காய்ந்து தக்கைப் பொருக்குகளாகும். ஈரப்பதம் மிகுந்த, காற்றோட்டங் குறைந்த இடங்களில் இது நேரும். இது தொற்றுநோயன்று. நெடுநாள் வறட்சியின் பின் திடீரெனப் பெருநீர் கிடைத்தால் தண்டு நெடுக்காகப் பிளத்தலும் உண்டு. பிளவு உலர்ந்திருப்பின் தானே ஆறிவிடும். ஆறும்வரை அதில் நீர் படாது காத்தல் போதும்.

பூச்சிகளும் சிற்றுண்ணிகளும்

உயிரினங்களால் விளையும் தீங்குகளுள் மிகப் பொதுவானது வெண்மூட்டுப்பூச்சியாலாவது. மாவுப்பூச்சி என்பதும் இதனையே. இதன் பெண்பூச்சிகள் சிறகற்றவை. வெண்பஞ்சுத் துகள் போல முள்மெத்தைகளிலும் விலாவரைகளின் இடுக்குகளிலும் ஒளிந்திருந்து சாற்றை உறிஞ்சும். இவை கழிக்கும் இனிய நீரை நாடி எறும்புகள் வரும். அந்நீர் படிந்த இடத்தில் கரும்பூஞ்சணம் படரும். கள்ளிச் சாடியில் எறும்பு சாரிசாரியாக ஏறுமாயின் இப்பூச்சியைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

இதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்று மண்ணுக்குள் வேரிலே வாழும். தோலிற் குறியெதுவுமின்றி, செடி வளர்ச்சி நின்று, நிறம் மங்கி, நீர் வார்த்தும் சுருங்கியே கிடக்கும். அந்நிலையிற் செடியைச் சாடியிலிருந்து பெயர்த்து நோக்கினால், வேர்களிலும் சாடியின் உட்புறத்திலும் வெண்மெழுகு படிந்திருத்தல் காணலாம். தோலை மட்டும் நோக்குவது போதாதென்பதற்கு இது சான்று. பழைய மண்ணை முழுதும் நீக்கி, வேரைக் கழுவி உலர்த்தி, புதுமண்ணில் நடுதல் இதற்குரிய முறையாகும்.

செதிற்பூச்சி அசையாது தோலோடு ஒட்டிய சிறு வட்டமாகக் காணப்படும். வெண்மையாகவோ கபிலமாகவோ உள்ள இவ்வட்டங்களைத் தோலின் புள்ளிகளென்றே பலர் கருதிவிடுவர். நகத்தினாற் சுரண்டினால் மேலோடு பெயர்ந்து, உள்ளே பூச்சியின் உடல் தெரியும். தோலின் புள்ளியாயின் அவ்வாறு பெயராது.

கண்ணுக்கு எளிதிற் புலப்படாது பெருந்தீங்கு செய்வது சிவப்புச் சிற்றுண்ணியாகும். அரை மில்லிமீற்றருக்கும் குறைவான நீளமுடைய இவ்வுயிர் பூச்சியன்று. எட்டுக் கால்களுடையது, சிலந்தியின் உறவினது. வெப்பமும் வறட்சியும் கூடிய காலத்தில், ஏறத்தாழ 30 பாகை செல்சியசு வெப்பநிலையில், ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடிய காலத்துள் ஒரு தலைமுறை முற்றிவிடும். இளந்தோல் உள்ள உச்சியையே இது பெரும்பாலும் நாடும். தாக்கப்பட்ட தோல் பசுமையிழந்து, துருவேறிய இரும்பின் நிறத்தில் நுண்ணிய சொறி போலாகும். முதுமைத் தக்கை அடியிலிருந்து மேலேறும். சிற்றுண்ணியின் துரு பெரும்பாலும் உச்சியிலிருந்து தொடங்கும். இவ்வொரு வேறுபாட்டை மனத்திற் கொண்டாற் பெரும்பான்மையான மயக்கங்கள் நீங்கும். ஐயமிருப்பின், வெண்கடதாசியொன்றைப் பிடித்து அதன்மேல் செடியை மெல்லத் தட்டுக. விழுந்த துகள்களுள் ஊர்வன உளவாயின் ஐயம் தீர்ந்தது. முட்களுக்கிடையே மெல்லிய வலை தோன்றுதலும் ஓர் அறிகுறியாம்.

பரிகாரமும் காரணத்திற்கேற்ப வேறுபடும். வெண்மூட்டுப்பூச்சியையும் செதிற்பூச்சியையும் 70 சதவீத மதுசாரத்தில் தோய்த்த பஞ்சினாலோ தூரிகையினாலோ தொட்டு அகற்றலாம். இதனை மாலையில், நிழலில் வைத்தே செய்தல் வேண்டும். சாம்பற்பூச்சுடைய கள்ளிகளின் மெழுகை மதுசாரம் கரைத்துவிடுமாகையால், முதலில் ஒரு மூலையிற் சோதித்தல் நன்று. முட்டையினின்று பின்னர் வெளிவருவனவற்றையும் அழிக்க வேண்டுமாகையால், வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் தொடர்தல் அவசியம். சிற்றுண்ணிக்கோ பூச்சிகொல்லிகள் பல பயன்படா. அவை சிற்றுண்ணியை உண்ணும் நல்லுயிர்களைக் கொன்று தீமையைப் பெருக்கவுங் கூடும். நீரை விசையோடு பீய்ச்சிக் கழுவுதலும், தேவையாயின் சிற்றுண்ணிக்கென்றே செய்யப்பட்ட மருந்தைப் பயன்படுத்தலுமே முறை. எவ்வகையாயினும் நோயுற்ற செடியை ஏனையவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்தல் முதற்கடன்.

அழுகல்

விரைந்து செயற்பட வேண்டியது அழுகல் ஒன்றிலேயே. பங்கசோ பற்றீரியாவோ காயத்தின் வழியாகவோ நனைந்து கிடக்கும் வேரின் வழியாகவோ புகும். தோல் கருத்து, நீர் கோத்து, விரலால் அழுத்தக் குழியும். சிலவேளை துர்நாற்றமும் வீசும். உள்ளே பரவிய பின்னரே சிலவேளை வெளியே தெரியும். தூய கத்தியால் அழுகிய பாகத்தை வெட்டி, வெட்டுமுகத்தை நோக்க வேண்டும். அங்கே செந்நிறமோ கபில நிறமோ ஒரு புள்ளியளவு காணப்படினும், கத்தியைத் தூய்மை செய்து மேலும் வெட்ட வேண்டும். முழுதும் தூய நிறம் தோன்றிய பின், நிழலில் வைத்து, வெட்டுமுகம் காய்ந்து தோல் கட்டும்வரை ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருந்து, உலர்ந்த மணலில் வேரூன்றச் செய்யலாம். இங்கே அவசரம் வெட்டுவதில் இருத்தல் வேண்டும்; நடுவதில் அன்று.

மாறிய பூச்சியின் வரலாறு

அடையாளம் மாறிக் காண்பதன் விளைவு ஒரு சாடியோடு நின்றுவிடுவதன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் நிகழ்ந்த வரலாறொன்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

நாகதாளியில் வாழும் ஒருவகைப் பூச்சி, வெண்மூட்டுப்பூச்சியைப் போலவே வெண்பஞ்சால் உடலை மூடியிருக்கும். ஆனால் நசுக்கினால் குருதி போன்ற செஞ்சாயம் வெளிப்படும். இதுவே இரண்டையும் பிரித்தறியும் சோதனை. 'கொச்சினீல்' எனப்படும் அச்சாயத்தை மெக்சிக்கோவின் பழங்குடிகள் ஆடைக்கு ஊட்டினர். ஸ்பானியர் அதனை ஐரோப்பாவிற்குக் கொண்டுசென்று பெரும்பொருள் ஈட்டினர். அச்செல்வத்தை விரும்பிய கிழக்கிந்தியக் கம்பனியார் இந்தியாவில் அப்பூச்சியை வளர்க்க முயன்றனர். 1795ஆம் ஆண்டிற் பிரேசிலிலிருந்து பூச்சிகள் வந்துசேர்ந்தன. ஆனால் வந்தது மெய்யான சாயப்பூச்சியன்று. அதனை ஒத்த வேறோரினம். சாயம் தரத்திற் குறைந்தது. பூச்சியோ பெருகி, வட இந்தியாவில் வளர்ந்திருந்த ஒருவகை நாகதாளியைப் பேரளவில் அழித்தது.

தவறென அறிந்ததிலிருந்து ஒரு பயனும் பிறந்தது. 1836 முதல் 1838 வரை அதே பூச்சி, இம்முறை களையை அழிக்கும் நோக்கத்துடனேயே, தென்னிந்தியாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1860களில் இலங்கைக்கும் வந்தது. களையை அதன் இயற்கைப் பகையால் வெல்லும் முறைக்கு இது மிக முற்பட்ட சான்றாகக் கருதப்படுகின்றது. ஆயினும் மற்றொரு நாகதாளி இனத்தை அப்பூச்சி தீண்டவில்லை. அதற்கென வேறொரு பூச்சியினம் 1920களில் இலங்கைக்கு வருவிக்கப்பட்டு, இங்கிருந்து 1926இல் இந்தியாவிற்கும் சென்று பெரும்பயன் அளித்தது. வெளித்தோற்றத்தில் ஒன்றாகக் காணப்படும் இரு பூச்சிகள் இருவேறு செடிகளையே நாடின. இன்னது இன்னதென்று பிரித்தறிந்த பின்னரே முயற்சி பயன் தந்தது.

முடிவுரை

கம்பனியின் பெருந்தோட்டத்திற்கு உண்மையானது யன்னலோரத்துச் சிறு சாடிக்கும் உண்மையே. கறை என்பது ஒரு செய்தி. அது வெயிலையோ நீரையோ வயதையோ பூச்சியையோ குறித்து நிற்கும். அதனைப் படிக்க வேண்டுவன விலையுயர்ந்த கருவிகளல்ல. ஒரு வில்லையும் ஒரு வெண்கடதாசியும் சிறிது பொறுமையுமே. குறியைக் கண்ட நாளையும் அதன் அளவையும் குறிப்பேட்டில் எழுதி, பத்து நாட்களின் பின் மீண்டும் அளந்து பார்க்கும் மாணவன், கறை வளர்ந்ததா நின்றதா என்பதைத் தானே அறிவான். அழுகல் ஒன்று நீங்கலாக, ஏனையவற்றிற்கு அத்துணைக் காலம் காத்திருக்கக் கள்ளிக்கு வலிமையுண்டு. அவ்வாறு காத்துக் கண்டறிந்தவன் கையிலே செடியும் பிழைக்கும். அறிவியலின் முதற் பண்பாகிய நுணுகி நோக்கலும் அவன்பால் வேரூன்றும்.